கார் நிற்பதற்காக மூடிய கிணறு

என் அண்ணன் பொய் சொல்கிறான். கிணற்றை மூடப் பக்கத்து வீட்டு மாமி சம்மதிக்கவில்லை. சம்மதிக்கவில்லை என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. நான் வெல்டர். கைலாசபுரத்தைச் சுற்றியிருக்கும் பட்டறைகளில் வேலை பார்த்தே தலை நரைத்தவன். அண்ணன் படித்தவன், சென்னையில் பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் தெருவில் அவனை எல்லோரும் சார் என்பார்கள். நான் இங்கே அவன் என்றுதான் எழுதப் போகிறேன்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீடு முழு வீடு இல்லை. ஒரு காலத்தில் ஒரே வீடாக இருந்ததை, அப்போதைய சொந்தக்காரர்களான அண்ணன் தம்பி இருவர் நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டார்கள். அதில் தம்பியின் பாதியை என் அப்பா வாங்கினார். அப்போது நானும் அண்ணனும் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தோம். மற்றப் பாதிக்கு மருமகளாக வந்தவர்தான் மாமி. மாமா போய்விட்டார், பிள்ளைகள் கிடையாது. மாமி மட்டும் அங்கே இருக்கிறார்.

பாகம் பிரித்த சுவர் வாசலில் தொடங்கிக் கொல்லை வரை நேராகப் போகும். கொல்லையில் கிணறு குறுக்கே இருந்திருக்கிறது. கிணற்றை எப்படிப் பிரிப்பது? அதன் வாய்க்கு மேல் இரும்பு உத்தரம் ஒன்றைப் போட்டு, அதன்மேல் மார்பளவுக்குச் சுவரை எழுப்பிவிட்டார்கள். கீழே தண்ணீர் ஒன்றுதான். மேலே அரைவட்டம் எங்களுக்கு, அரைவட்டம் அவர்களுக்கு. இரண்டு பக்கமும் ஆளுக்கொரு ராட்டினம். ஸ்ரீரங்கத்தில் இப்படிப்பட்ட கிணறுகள் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. நாங்கள் போர் போட்ட பிறகு எங்கள் பக்கம் தண்ணீர் இறைப்பதை விட்டுவிட்டோம். மாமி விடவில்லை.

மாமி விடியற்காலையில் குளித்து, மடிப்புடவை கட்டிக்கொண்டு, செப்புக் குடத்தோடு கிணற்றடிக்கு வருவார். அவர் கையால் சேந்திய தண்ணீரில்தான் பெருமாளுக்குத் தளிகை, அதாவது படைக்கிற சமையல். குழாய்த் தண்ணீர் ஆகாது, போர் தண்ணீரும் ஆகாது. வாளியைக் கிணற்றில் இறக்கியது முதல் தளிகையைப் பெருமாளுக்குக் காட்டி முடிக்கும் வரை வாய் திறக்க மாட்டார். யார் கூப்பிட்டாலும் கையைத்தான் காட்டுவார். உள்ளங்கையை விரித்து ஆட்டினால் அப்புறம் வா என்று அர்த்தம். பால்காரருக்கு அது தெரியும். காஸ் சிலிண்டர் போடுகிறவருக்கும் தெரியும்.

எனக்கு இந்த மடி ஆசாரத்திலெல்லாம் நம்பிக்கை கிடையாது. குழாயில் வருவதும் காவிரித் தண்ணீர்தானே மாமி என்று நானே கேலி செய்திருக்கிறேன். "உனக்குப் புரியாதுடா, போ" என்பார். புரியவில்லைதான். ஆனால் கிணற்றில் பாதி அவருடையது. அது எனக்குப் புரியும்.

வீட்டை விற்கலாம் என்று அண்ணன் சொன்னபோது நானும் சரி என்றேன். அதை மறைக்கவில்லை. என் மகள் திருவெறும்பூரில் இருக்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் போய்விட வேண்டும் என்று என் மனைவிக்கு ஆசை. எனக்கும் ஏணியில் ஏறி ஓட்டை அடைக்கிற வயது தாண்டிவிட்டது.

அதற்குப் பிறகுதான் நிம்மதி போனது. அண்ணன் தினமும் வீடியோ காலில் வருவான். போனைப் பிடித்துக்கொண்டு நான் அறை அறையாக நடக்க வேண்டும். அந்த மூலையைக் காட்டு, மேலே காட்டு, கிட்டே கொண்டு போ. சுவரின் அடியில் ஓதம் ஏறியிருந்தது. சாந்தைக் கொத்திவிட்டுப் புதிதாகப் பூசினேன். மாடித் தளத்தில் மழைத் தண்ணீர் இறங்கும் இடத்தைச் சுரண்டி அடைத்தேன். கதவுகளை இழைத்தேன். பழைய குளியலறையை உடைத்துப் புது ஓடு பதிக்க ஆள் விட்டேன். வாசல் கிரில்லை நானே அறுத்து, நானே பற்ற வைத்தேன். சுவர் பச்சையாக இருந்தால் அறை சின்னதாகத் தெரியுமாம். எல்லாம் வெள்ளை. பெயிண்ட் வாசனையில் எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து நடந்தால் எதன் மீதாவது இடித்துக்கொள்வேன். எதுவும் அதன் இடத்தில் இல்லை.

என் மனைவி ஒருநாள் டியூப் லைட் மாட்டிக்கொண்டிருந்த என்னைக் கீழே நின்று பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. நான் குடித்தனம் பண்ணினப்ப அந்த லைட்டு மினுக்கு மினுக்குன்னு எத்தனை வருஷம் கெடந்துச்சு. இப்ப எவளோ வரப் போறான்னதும் வெளிச்சம் போடுறீங்க."

அவள் சொன்னது உண்மை.

வீடு பார்க்க வருகிறவர்கள் நேரம் காலம் இல்லாமல் வந்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உள்ளே வந்து பிளஷ்ஷை இழுத்துப் பார்ப்பார்கள். அலமாரியைத் திறப்பார்கள். கொடியில் துணி காயக் கூடாது, அடுப்படியில் பாத்திரம் கிடக்கக் கூடாது என்று அண்ணன் உத்தரவு போட்டிருந்தான். கருவாடு வறுக்காதீர்கள் என்றும் ஒருநாள் போனில் சொன்னான்.

என் மனைவி போனை வாங்கினாள். "ஏங்க மாமா, ஒரு செவுரு தள்ளி மாமி இருக்காங்க. இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொன்னதில்லை. நீங்க மெட்ராஸ்லேருந்தே மோப்பம் புடிக்கிறீங்களா?"

அண்ணன் சிரித்து மழுப்பினான். கருவாடு வறுப்பது மட்டும் நின்றுபோனது.

துறையூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. நெல் வியாபாரம். கணவன், மனைவி இருவரும் நிதானமான மனிதர்கள். ஓய்வுக்காலத்தில் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று வீடு தேடினார்கள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அந்த மனிதர் புரோக்கரிடம் கேட்டார்.

"எல்லாம் பிடிச்சிருக்குங்க. காரை எங்க நிறுத்துறது?"

புரோக்கர் என்னைக் கொல்லைப்பக்கம் தள்ளிக்கொண்டு போனார். கொல்லைக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு. "அண்ணே, இப்பல்லாம் வீடு வாங்குறவங்க மனுசன் படுக்க இடம் இருக்கான்னு கேக்குறதில்லை. கார் படுக்க இடம் இருக்கான்னுதான் கேக்குறாங்க. சந்துப் பக்கம் ஒரு கேட்டைப் போட்டா முடிஞ்சுது. இந்தக் கிணறுதான் நடுவுல நிக்குது."

"அதுல பாதி எங்களுது இல்லை."

"பேசிப் பாருங்கண்ணே. வயசானவங்க. எவ்வளவு காலம் இறைக்கப் போறாங்க?"

அன்று சாயங்காலம் அண்ணனிடம் இதைச் சொன்னேன். மூடிவிடலாம் என்றான். முடியாது என்றேன். மாமியிடம் அவனே பேசிக்கொள்வதாகச் சொன்னான். பேசு, ஆனால் அவங்க வேண்டாம் என்றால் விட்டுவிடு என்றேன். சரி என்றான். அந்தச் சரியை நான் நம்பினேன்.

சில நாள் கழித்து என் மனைவியின் சித்தப்பா முசிறியில் இறந்துபோனார். நாங்கள் கிளம்பிக்கொண்டிருக்கும்போது அண்ணன் ரயிலில் வந்து இறங்கினான். "நீங்க போயிட்டு வாங்க. வீட்டை நான் பாத்துக்கிறேன்" என்றான். துக்கத்துக்கு நீயும் வரலாமே என்றதற்கு முதுகு வலி என்றான். நாங்கள் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனோம்.

அன்றே திரும்பி வந்தபோது சாயங்காலம். கொல்லையில் கிணறு இல்லை.

எங்கள் பக்கத்து அரைவட்டத்தின் மீது கான்கிரீட் போட்டு, அது காயும் முன்பே சுற்றிலும் சதுரக்கல் பதித்துக்கொண்டிருந்தார்கள். கொல்லையில் நான் மூட்டை கட்டி வைத்திருந்த குளியலறை இடிசல் ஒன்றுகூட இல்லை. உடைந்த ஓடு, பழைய சாந்து எல்லாம் உள்ளே போய்விட்டது. அதற்கு மேல் டிராக்டரில் கொண்டுவந்த மண். சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தேன். மாமியின் அரைவட்டத்தில் விளிம்பு வரை மண். அவருடைய வாளியையும் தாம்புக்கயிற்றையும் யாரோ பத்திரமாகத் துவைக்கிற கல் மீது எடுத்து வைத்திருந்தார்கள்.

அண்ணன் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான்.

"என்னண்ணே இது?"

"கேட்டுட்டுத்தான்டா செஞ்சேன்."

"எப்ப கேட்ட?"

"காலையில. கொல்லையில நின்னுக்கிட்டிருந்தாங்க. மாமி, கிணத்தை மூடுறோம், உங்களுக்கு ஒண்ணும் இல்லையேன்னேன். கையைக் காட்டினாங்க. சரின்னு."

"தண்ணி சேந்திக்கிட்டு இருந்தாங்களா?"

"அதெல்லாம் நான் கவனிக்கலை."

"குடம் கையில இருந்துச்சா, இல்லையா?"

"வேணாம்னா வாயைத் திறந்து வேணாம்னு சொல்ல வேண்டியதுதானே?"

கையில் அந்த நேரம் சுத்தியல் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

கவனிக்கவில்லை என்கிறானே, அவனுக்கு இது தெரியாதா? ஒருமுறை அவனுடைய பரீட்சை ஹால் டிக்கெட் மாடியிலிருந்து பறந்து மாமி பக்கம் விழுந்தது. மாமி தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தார். இவன் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினான். மாமி உள்ளங்கையை ஆட்டினார். இவன் பொறுக்காமல் சுவரேறிக் குதித்தான். குதித்ததில் மாமியின் புடவையில் இடித்துவிட்டான். மாமி ஒரு வார்த்தை பேசவில்லை. குடத்துத் தண்ணீரைக் கொட்டினார், போய் மறுபடியும் குளித்துவிட்டு வந்தார், மறுபடியும் சேந்தினார். பரீட்சை முடிந்து வந்தவனை மத்தியானம் கூப்பிட்டு, "நன்னா எழுதினியோ?" என்று மட்டும் கேட்டார். வீட்டுக்கு வந்து இவன் அம்மாவிடம் அழுதான். நான் பார்த்தேன். மறந்துவிட்டேன் என்று அவன் சொன்னால் நம்ப நான் தயாராக இல்லை.

அன்று இரவு மாமி வீட்டுக்குப் போனேன். கூடத்து விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"உங்கண்ணா வந்தான்டா. என்னமோ கேட்டான். எனக்குக் காது சரியாக் கேக்கலை. ஜலம் சேந்திண்டிருந்தேன். அப்பறம் வான்னு கையைக் காட்டினேன். உள்ள போயிட்டேன். தளிகை ஆயிண்டிருக்கும்போது தடதடன்னு சத்தம். வந்து பாத்தா மண்ணைக் கொட்டறா."

"அப்பவாவது வாயைத் திறந்து கத்தியிருக்கலாமே மாமி!"

நான் கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன். அவர் மீதும் எனக்குக் கோபம் வந்தது.

"கல்யாணம் ஆகி இந்த ஆத்துக்கு வந்த நாள்லேர்ந்து இந்த மௌனத்தை வெச்சிண்டிருக்கேன். இன்னிக்கு மட்டும் எப்படிடா விடறது? பெருமாளுக்கு இன்னும் காட்டலை. ரெண்டு கையையும் ஆட்டினேன். அந்தக் கொத்தனார் நிறுத்தினான். உங்கண்ணா என்னமோ சொன்னான். மறுபடி கொட்ட ஆரம்பிச்சுட்டான்."

"என்ன சொன்னான்?"

"அது காதுல விழலை."

மறுநாள் முதல் மாமி அடுத்த தெருக் கோடியில் இருக்கும் உறவுக்காரர் வீட்டுக் கிணற்றுக்குப் போகிறார். பெரிய குடத்தைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் நடக்க முடியாது. சின்னச் செம்பாக எடுத்துப் போகிறார். திரும்பி வரும்போது பேச மாட்டார். ஆட்டோக்காரன் ஹாரன் அடிக்கிறான். வெளியூர்க்காரர்கள் கோபுர வாசலுக்கு வழி கேட்கிறார்கள். ஒருநாள் ஒரு பைக் உரசித் தண்ணீர் கொட்டிப்போய்விட்டது. திரும்பப் போனார். நான் பின்னாலேயே போனேன். செம்பை நான் வாங்கிக்கொள்ள முடியாது, நான் தொட்டால் அது ஆகாது. வெறுமனே காவலுக்குப் போகிறவன் மாதிரி கையை வீசிக்கொண்டு நடந்தேன். எனக்கே எரிச்சலாக இருந்தது.

"முடியற வரைக்கும் பாக்கறேன்" என்றார் மாமி. "முடியலைன்னா பெருமாளை எடுத்துண்டு மெட்ராஸ்ல மருமான் ஆத்துக்குப் போயிட வேண்டியதுதான். அங்க பத்தாவது மாடி. கிணறாவது ஒண்ணாவது."

கார் நிற்கும் இடத்துக்காக ஒருவர் ஊரைவிட்டே போக வேண்டும். இதுதான் விஷயம். வேறு எதுவும் இல்லை.

மாமியின் மருமான், அவர் உடன்பிறந்தவரின் மகன், என் அண்ணனுக்குப் போன் செய்து கிணற்றைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அதற்கு அண்ணன் என்ன செய்தான் தெரியுமா? எங்கள் தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. குப்பை வண்டி வரவில்லை, கரண்ட் போய்விட்டது, மாடு அவிழ்ந்துவிட்டது என்று போடுவார்கள். அதில் குரலைப் பதிந்து போட்டான். நிதானமான, படித்த குரல். "மாமியிடம் நேரில் கேட்டு, அவர்கள் சம்மதம் கொடுத்த பிறகுதான் மூடினோம். இப்போது யாரோ தூண்டிவிட்டு மாற்றிப் பேச வைக்கிறார்கள். வருத்தமாக இருக்கிறது."

யாரோ என்றால் நான்தான். தெருவில் எல்லோருக்கும் புரிந்தது. டீக்கடையில் ஒருவர் என்னிடமே கேட்டார். "ஏங்க, மாமி சரின்னு சொன்னாங்களாமே. இப்ப எதுக்குப் பேச்சு மாத்துறாங்க? ஏதாச்சும் எதிர்பாக்குறாங்களோ?" டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

மாமியின் காதுக்கும் போய்விட்டது. கிணறு போனதைவிட அது அவரைப் பிடித்து ஆட்டியது. "நான் பொய் சொல்றேன்னு சொல்றாளாமே" என்று என் மனைவியிடம் கேட்டிருக்கிறார். அவரைச் சமாதானப்படுத்தப் போன என் மனைவி அழுதுகொண்டு திரும்பி வந்தாள். வந்ததும் என்னைத்தான் பிடித்தாள். "உங்க வீட்டு ஆளுங்க பண்ற கூத்துக்கு நான் போய் மூஞ்சியைக் காட்ட வேண்டியிருக்கு."

நான் கொத்தனாரைத் தேடிப் போனேன். மாம்பழச் சாலைப் பக்கம் ஒரு வீட்டில் சாரத்தின் மீது நின்றுகொண்டிருந்தார். முதலில் இறங்க மறுத்தார். கூலி வாங்கிக்கொண்டு செய்தேன், என்னை இழுக்காதீர்கள் என்றார். நான் கீழேயே நின்றேன். கடைசியில் மேலிருந்தபடியே சொன்னார்.

"அந்தம்மா ரெண்டு கையையும் போட்டு ஆட்டுனாங்க சார். வேணாங்குற மாதிரி இருந்துச்சு. நான் நிறுத்திட்டேன். உங்கண்ணன்தான் சொன்னாரு. 'அவங்க பூஜை முடியற வரைக்கும் பேச மாட்டாங்க. அதுக்குள்ள கொட்டிடு'ன்னாரு."

"அதுக்குள்ள கொட்டிடுன்னா?"

"அப்படித்தான் சார் சொன்னாரு. நான் ஏன் பொய் சொல்லணும்?"

வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்தேன். மறந்தவன் இல்லை. கவனிக்காதவனும் இல்லை. அவர் பேச மாட்டார் என்று தெரிந்து, பேச முடியாத நேரத்தைப் பார்த்து வேலையை முடித்திருக்கிறான்.

வீட்டுக்கு வந்து சதுரக்கல்லை எல்லாம் பெயர்த்தேன். கான்கிரீட்டில் கம்பி போட்டிருந்தான். கம்பியை அறுப்பதா எனக்குக் கஷ்டம்? எங்கள் பக்கத்து மூடியைத் திறந்துவிட்டேன். ஆனால் மண்ணை அள்ளுவது என் ஒருவனால் ஆகாது. முசிறியிலிருந்து தூர் வாருகிறவர்களை அழைத்து வந்து காட்டினேன். முடியும் என்றார்கள். சுவருக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே இறங்க வேண்டும், வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் இறங்குவோம், நாளைக்கு ஒருவர் வந்து சுவரை இடித்துவிட்டீர்கள் என்று வழக்குப் போட்டால் நாங்கள் எங்கே போவது என்றார்கள். மாமி ஒத்துக்கொண்டார். நான் ஒத்துக்கொண்டேன். அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"பைத்தியமாடா உனக்கு? பார்ட்டி ஓடிடும். முதல்ல கையெழுத்தைப் போட்டு வித்து முடி. கிணத்தை வாங்குறவங்க பாத்துப்பாங்க" என்றான்.

கொத்தனார் சொன்னதைச் சொன்னேன். "ஒரு கூலிக்காரன் பேச்சை நம்பி அண்ணனைக் கேள்வி கேக்குறியா?" என்றான். சொன்னேன் என்றும் சொல்லவில்லை, சொல்லவில்லை என்றும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டான். அதன்பிறகு எடுக்கவே இல்லை.

துறையூர்க்காரர் ஓடவில்லை. புரோக்கர் மூலம் ஒரு சேதி அனுப்பினார். "அண்ணன் ஒண்ணு சொல்றாரு, தம்பி ஒண்ணு சொல்றாரு. முதல்ல எது நெசம்னு அவங்களே தெருவுல சொல்லட்டும். அப்புறம் கையெழுத்துப் போடலாம்." அந்த மனிதர் மீது எனக்கு மரியாதை வந்தது.

இப்போது வீடு வெள்ளையாக, காலியாக இருக்கிறது. பாதிச் சாமான் மகள் வீட்டுக்குப் போய்விட்டது. பேசினால் எதிரொலிக்கிறது. இரண்டு பாயும் நாலு பாத்திரமும் வைத்துக்கொண்டு நாங்கள் யாருடைய வீட்டிலோ தங்கியிருப்பதுபோல இருக்கிறோம். உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. மாமி போகும்போது காலையில் வாசல் கதவு சத்தம் கேட்கும். அவர் திரும்பி வரும் சத்தம் கேட்கும் வரை எனக்கு இருப்புக் கொள்வதில்லை. நேற்று வழக்கத்தைவிட ரொம்ப நேரம் ஆகிவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். பாதி வழியில் ஒரு கடைப் படியில் செம்பை மடியில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளங்கையை ஆட்டினார்.

ஆகவே அண்ணே, இதை உனக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். போனில் வேண்டாம். எனக்குத் தனியாகச் சொல்லவும் வேண்டாம். தெரு முழுக்கக் கேட்கும்படி மாமியைப் பொய்க்காரி ஆக்கினாய் இல்லையா, அதே குரூப்பில், அதே குரலில், யாரோ என்று மறைக்காமல் என் பெயரைச் சொல்லியே பேசு. பிறகு நேரில் வா. மாமியின் தளிகை முடிந்த பிறகு, அவர் பேசக்கூடிய நேரமாகப் பார்த்து வா. கொத்தனாரையும் புரோக்கரையும் துறையூர்க்காரரையும் நான் வரச் சொல்கிறேன். தெருவும் நிற்கட்டும். அவர்கள் எல்லோர் முன்னாலும் சொல்: "அவங்க பேச மாட்டாங்க, அதுக்குள்ள கொட்டிடு" என்று நீ சொன்னாயா, இல்லையா?